பவுடரக்கா வீட்டுத் தளம்

என் மனைவி வேளாங்கண்ணி ஒரு டம்ளர் டீயை அடிவரை குடித்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். எங்கள் மகளுக்குக் கல்லூரிக்குப் போகும் வயதாகிவிட்டது, அத்தனை வருஷத்திலும் ஒரே முறை. மற்ற நேரமெல்லாம் பாதியில் எழுந்துவிடுவாள். போன் வரும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று இவளே யாருக்காவது போடுவாள். மிச்ச டீயை முருங்கை மரத்தடியில் ஊற்றுவது என் வேலை. அந்த மரம் வருஷம் முழுக்கக் காய்ப்பதற்கு அதுதான் காரணம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

கோயிலில் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினால் இவளுக்கு மின்விசிறி சுவிட்ச் ஞாபகம் வரும். வெளியிலிருந்து வந்தால் ஸ்கூட்டியை ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள். வரும்போதே போவதற்கு ஏற்பாடு. நானோ தையல்காரன். ஆவூர் போகிற ரோட்டில் கடை. ஜாக்கெட்டும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்து, உட்கார்ந்தே பிழைக்கிறவன். எங்கள் இரண்டு பேரையும் கடவுள் எந்தக் கணக்கில் சேர்த்தார் என்று நான் கேட்காத நாளில்லை.

ஊரில் அவளைப் பவுடரக்கா என்பார்கள். அவள் விற்கிற பவுடர் மூஞ்சிக்குப் போடுவது அல்ல. மரத்திலிருந்து எடுப்பது, காப்பித்தூள் நிறம். தண்ணீரில் கரைத்துக் கேனிலும் தருவாள். அது என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், நின்றபடியே பாடம் எடுப்பாள்.

"மரம்னா என்னங்க? நாரும் பசையும். நார நாரோட ஒட்டிப் புடிச்சு மரத்த நிமித்தி வச்சிருக்கிற பசைக்குப் பேருதான் லிக்னின். பேப்பர் மில்லுக்கு நார் மட்டும் போதும். பசைய வேகவச்சு வெளிய தள்ளிருவாங்க. பாதிக்கு மேல பாய்லர்ல எரிஞ்சே போயிரும். எரிக்காம எடுத்து, மருந்து போட்டுப் பக்குவம் பண்ணிக் காயவச்சா நம்ம பவுடரு."

எங்கள் மாவட்டத்தில் திரும்பின பக்கமெல்லாம் தைலமரம். என் மாமனார் சந்தனசாமி அந்தத் தோப்புகளில் மரம் வெட்டிப் பட்டை உரித்து லாரியில் ஏற்றியே காலத்தைக் கழித்தவர். "எங்கப்பா ஏத்தி விட்ட மரத்துல மில்லுக்காரன் வேணாம்னு தள்ளுறத நான் விக்கிறேன்" என்று இவள் சிரிப்பாள். வேதியியல் படித்துவிட்டு, திருச்சியில் ஒரு கட்டடக் கெமிக்கல் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள் என்பதற்காகவே வேலையை விட்டாள் என்பது என் கட்சி. சொந்தமாகச் செய்தால்தான் மரியாதை என்று விட்டதாக அவள் சொல்வாள்.

அந்தச் சரக்குக்குத்தான் எத்தனை வேஷம். கல்லுடைக்கிற க்ரஷர் ரோட்டில் தெளித்தால் புழுதியைப் பிடித்து அமுக்கும். மாட்டுத்தீவன ஆலையில் போட்டால் தீவனம் உதிராமல் குச்சியாக நிற்கும். திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிறவன் கேட்பான், கரூரில் சாயம் போடுகிறவன் கேட்பான். பேட்டரித் தகட்டுக்குக்கூட ஒரு சிட்டிகை வேண்டுமாம். ஐஸ்கிரீமில் வருகிற வெனிலா வாசனையையும் இந்த வகையறாவிலிருந்து எடுக்கலாம் என்று ஒருநாள் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு ஐஸ்கிரீம் என்றாலே யோசனை. ஆனால் அவளுடைய முதல் வியாபாரம் கான்கிரீட்தான். கலவையில் துளி விட்டால் குறைந்த தண்ணீரிலேயே இளகி ஓடும், வெயிலில் அவசரப்பட்டு இறுகாது.

வியாபாரம் அப்படியொன்றும் படுத்துக்கொண்டு பார்க்கக்கூடியது இல்லை. பெரிய கலவை ஆலைகள் எல்லாம் இதைவிட வீரியமான புதுக் கெமிக்கலுக்கு மாறிவிட்டன. மிஞ்சியவர்கள் சின்ன ஆட்கள். ஹாலோ பிளாக் போடுகிறவர்கள், க்ரஷர்காரர்கள். கோடை வந்தால் புழுதிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், அப்போது பார்த்து, உள்ளூரில் போதாததற்கு வரவழைக்கிற வெளிநாட்டுச் சரக்கு கப்பலில் நிற்கும். மழை பெய்தால் ஒருத்தரும் போனை எடுக்க மாட்டார்கள். அதனால்தான் அவள் ஓடுகிறாள் என்று சிலர் பரிந்து பேசுவார்கள். மழைக்காலத்திலும் ஓடுகிறாளே, அதற்கு என்ன சொல்வது?

குளத்தூர்ப் பக்கம் கண்ணுசாமி என்று ஒரு பெரியவர். பிளாக் ஆலை, கலவை லாரிகள், ஒரு க்ரஷர் என்று பெரிய கை. இவள் அவர் வாசலுக்கு நடந்த நடைக்கு ஆவூர் மாதாவிடம் நடந்திருந்தால் காட்சியே கிடைத்திருக்கும். ஒருநாள் அவர் கேட்டாராம். "ஏம்மா, ஊருக்கெல்லாம் விக்கிறியே, ஒன் வீட்டுல போட்டிருக்கியா?"

"போடப் போறேண்ணே. மாடி கட்டுறோம். நம்ம சரக்கு போட்டுத்தான் தளம். நீங்களே வந்து பாருங்க."

"பாத்துட்டு மாசம் ஒரு லோடு சொல்றேன்" என்றார் அவர்.

எங்கள் வீட்டில் மாடி என்ற பேச்சே அன்று மாலைதான் எனக்குத் தெரியும். சேமிப்பு, நகை, கூட்டுறவுக் கடன் எல்லாம் அதில் போயிற்று. "கண்ணுசாமியண்ணன் மட்டும் வந்துட்டா நான் சில்லறைக்கு ஓட வேணாங்க. மாடியில மேசையப் போட்டு உக்காந்துக்குவேன்" என்றாள். உட்காருவாளாம். ஆசை யாரை விட்டது, நானும் நம்பினேன்.

வழக்கமான கொத்தனார் கோவைக்குப் போய்விட்டதால், திருமயம் பக்கத்திலிருந்து கோபிநாத்தைப் பிடித்தோம். நல்ல பிள்ளை, கை சுத்தம். செட்டிநாட்டு வீடுகளை வாங்கி ஓட்டல் நடத்துகிறவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்துகொடுப்பவன். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சுண்ணாம்பில் தாராளமாக விட்டு அரைத்தால்தான் பூச்சு கல்லாகும் என்பது அவன் தொழில் வேதம். தளமும் போடுவான். எங்கள் கெமிக்கலை மட்டும் அவன் தொட்டதில்லை.

தளம் போடுகிற நாளன்று பங்குச் சாமியார் வந்து முதல் கலவையில் தீர்த்தம் தெளித்தார். ஆட்களுக்கு மட்டன் பிரியாணி சொல்லியிருந்தோம், தளம் போடுகிற அன்று கறிச்சோறு இல்லாவிட்டால் ஊர் பேசும். கலவை மெஷின் உறுமத் தொடங்கியதும் கோபிநாத் கேனைத் திறந்து முகர்ந்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா, வெல்லப்பாகு வாசன வருது! இது நம்ம கடுக்காத் தண்ணிதான?"

"அதுக்கு அண்ணன்னு வச்சுக்க. மூட்டைக்கு ஒரு மூடி ஊத்து தம்பி" என்று சொல்லும்போதே இவளுக்குப் போன் வந்துவிட்டது. கந்தர்வக்கோட்டைப் பக்கத்து க்ரஷர். புழுதியைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்களாம், உடனே பவுடர் வேண்டுமாம். வாசல் சுவரில் பாதி டீயை வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

"இன்னிக்காவது இரேன். ஒன் வீட்டுத் தளம்" என்றேன்.

"இப்பிடிப் போயிட்டு அப்பிடி வந்துருவேங்க. பாத்துக்கங்க" என்றாள். ஸ்கூட்டி ஏற்கெனவே ரோட்டைப் பார்த்துத்தானே நின்றது.

கோபிநாத் கலவையோடு கலவையாகக் கெமிக்கலை விட்டுக்கொண்டிருந்தான். கலவை பாயசம்போல வழுக்கிக்கொண்டு ஓடியது. "இப்படி ஒரு கலவைய நான் பாத்ததே இல்ல மச்சான்" என்று ஆட்கள் புகழ்ந்தார்கள். எல்லாம் முடிந்து பிரியாணி சாப்பிடும்போது அவன் என் காதருகே வந்து சொன்னான். "அண்ணே, அக்கா மூடியில ஊத்தச் சொன்னாங்க. நம்ம அக்கா வீட்டுக்கு மூடிக் கணக்கா? சொம்பாலயே ஊத்திட்டேன். யானை ஏறுனாலும் அசையாது." எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அவனுக்கு இன்னொரு துண்டுக் கறி எடுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை தண்ணீர் தேக்கப் பாத்தி கட்டலாம் என்று படியேறினேன். தளத்தின் ஓரத்தில் கால் வைத்தேன். உள்ளே போயிற்று. எடுத்தால் என் ஐந்து விரலும் அச்சாக நிற்கிறது. விடிந்தால் கல்லாக இருக்க வேண்டியது, இனிப்புக் கடை அல்வா மாதிரி கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் அவள் பல் துலக்கியபடியே ஓடி வந்தாள். பெருவிரலை வைத்து அமுக்கினாள். முதல் கணு வரை இறங்கியது. விரலை முகர்ந்து பார்த்தாள். கேனைத் தூக்கிப் பார்த்தாள், பாதிக்கு மேல் காணோம்.

"எதுல ஊத்துனான்?"

"சொம்புல. பாசத்துல" என்றேன்.

அவள் முகம் வெளுத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அண்ணன்னு சொன்னது நான்தாங்க" என்றாள். அதற்கு மேல் கோபிநாத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனே வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதபோதும், "போய் சாப்புடு தம்பி" என்றாள்.

சென்ட்ரிங் வெள்ளைச்சாமி வந்தார். தளத்தைத் தாங்கி நின்ற கம்பும் பலகையும் அவருடையது, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய அவசரம் அவருக்கு. குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கச்சி, யோசிக்காத. இப்பவே வழிச்சுத் தள்ளிருவோம். இன்னிக்குன்னா மம்பட்டிக்கே வரும். அரகொறையா இறுகிட்டா டிரில்லு போட்டு ஒடைக்கணும், கம்பியும் போயிரும். வீடும் அதிரும்."

கூடியிருந்த எல்லோரும் அவர் சொன்னதே சரி என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் வழித்துத் தள்ளினால் இன்னொரு தளம் போட எங்களிடம் எதுவும் இல்லை. அதைவிட, பவுடரக்கா வீட்டுத் தளத்தையே வழித்துக் கொட்டினார்கள் என்ற செய்தி அவள் ஸ்கூட்டிக்கு முன்னால் எல்லா ஆலைக்கும் போய்விடும். பிறகு அந்தச் சரக்கை அவளிடம் யார் வாங்குவார்கள்?

அவள் இன்னொரு முறை பெருவிரலை அமுக்கி எடுத்தாள். பிறகு சொன்னாள். "இது சிமெண்ட்ட சாகடிக்காதுண்ணே. ஒவ்வொரு பொடி மேலயும் போய் ஒட்டிக்கிட்டு தண்ணிய அண்ட விடாம வச்சிருக்கும். தூங்குதுன்னு வச்சுக்கங்க. அசைக்கக் கூடாது, காய விடக் கூடாது. முழிச்சதும் இறுகும்."

"எப்ப முழிக்கும்?"

"அது தெரியலண்ணே."

"நீ இருந்து காவல் காக்கப் போறியா?" என்று வெள்ளைச்சாமி கேட்டார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

"இருக்கேன்" என்றாள்.

ஈரச் சாக்கு பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டினோம். கைப்பிடி இல்லாத படிக்கட்டின் மேல்படியில் அவள் உட்கார்ந்தாள். யாரையும் ஏற விடவில்லை. போன் அடித்தது. எடுத்து, "இப்ப வர முடியாதுங்க" என்றாள். மறுபடி அடித்தது. அதே பதில். போகாவிட்டால் அந்த ஆளை வேறொருவன் பிடித்துக்கொள்வான் என்பது தெரிந்தே சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவை மட்டும் சும்மா இருக்கவில்லை. தாங்க முடியாமல் போகும்போது சாக்கின் ஓரத்தைத் தூக்கி, படியோரமாகவே பெருவிரலை வைத்து அமுக்குவாள். ஒரு குழி. மறுபடி மூடுவாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு குழி.

"நோண்டாத கண்ணி. நீயே அசைக்கக் கூடாதுன்ன" என்றேன்.

"ஓரத்துலதாங்க. ஒரு விரல்தான்." குழந்தை புண்ணைச் சொறிந்துவிட்டுச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

அடுத்த நாளும் விரல் இறங்கியது. கணு வரை இல்லை, நகம் வரை. அதை முன்னேற்றம் என்பதா, ஓரம் மட்டும் காய்ந்ததா என்று அவளுக்கே சந்தேகம். மத்தியானம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இறுகாத தளத்தில் மழை இறங்கினால் சிமெண்ட் பாலாகக் கரைந்து ஓடிவிடும். நான் தையல் கடையை அடைத்துவிட்டு வந்து தார்ப்பாயின் நாலு மூலையையும் இன்னொரு முறை கட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். மழை வேறு ஊருக்குப் போயிற்று.

அன்று சாயங்காலம் பார்த்துக் கண்ணுசாமியின் கார் வாசலில் வந்து நின்றது.

நான் கெஞ்சினேன். "தண்ணி கட்டியிருக்கு, பாக்க முடியாதுன்னு சொல்லிரு. சாக்கு மூடித்தான கெடக்கு? அவருக்கென்ன தெரியும்?" அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. மாசம் ஒரு லோடு என்பது எனக்கு அவள் உட்காரப்போகும் மேசை.

அவள் கீழே இறங்கி வந்து அவரை மேல்படிவரை கூட்டிக்கொண்டு போனாள். சாக்கைத் தூக்கிக் காட்டினாள். "அண்ணே, நம்ம சரக்குதான். சொல்லிக் குடுக்காம அவசரமா போயிட்டேன், அளவு எக்கச்சக்கமா போயிருச்சு. இன்னும் இறுகல. இறுகும்னு உக்காந்திருக்கேன்."

கண்ணுசாமி குழிகளைப் பார்த்தார். ஆழமானதிலிருந்து ஆழம் குறைந்ததுவரை வரிசையாக அவள் பெருவிரல். "இது என்னம்மா?"

"நான்தான் அமுக்கிப் பாக்குறேன்."

அவர் சிரிக்கவில்லை. படியிறங்கும்போது, "இறுகினா வந்து சொல்லு. இறுகலேன்னாலும் வந்து சொல்லு" என்றார். கார் போய்விட்டது. இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டேன். "இறுகினா வாங்குவாரு, இல்லேன்னா வாங்க மாட்டாரு, வேற என்ன?" என்றாள். குரல் உடைந்திருந்தது. நான் டீ போட்டுக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில், அதே படியில் ஒடுங்கி உட்கார்ந்தேன்.

கல்யாணமான புதிதில் அப்படி உட்கார்ந்தது. அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினாள். அப்பாவின் கையில் எப்போதும் தைல வாசனை அடிக்கும் என்றாள். அவர் ஒரு இடத்தில் உட்கார்ந்து தான் பார்த்ததே இல்லை என்றும், கடைசியில் உட்கார்ந்தபோது எழுந்திருக்கவே இல்லை என்றும் சொன்னாள். "உக்காந்தா அவ்வளவுதான்னு எனக்கொரு பயங்க" என்றாள். இத்தனை வருஷம் அவள் கால்களைத் திட்டியிருக்கிறேன். அவற்றுக்குள் இப்படி ஒரு பயம் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவள் தோளில் கை வைத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

பேச்சு முடிந்தபோது பார்த்தேன், டம்ளர் காலி. அடிவரை. அவளுக்கே தெரியாது. நான் மூச்சுக் காட்டவில்லை, சொன்னால் விழித்துக்கொள்வாள் என்று பயம். ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தளம் இறுக வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நிமிஷத்தில், மாதாவே, கொஞ்சம் மெதுவாகவே இறுகட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

மாதா இரண்டாவது வேண்டுதலைக் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை நான் டீயோடு படியேறும்போது அவள் சாக்கைத் தூக்கிப் பெருவிரலை வைத்துக்கொண்டிருந்தாள். அமுக்கினாள். நகம் வெளுத்தது. எழுந்து குனிந்து, உடம்பின் பாரம் முழுவதையும் விரலில் இறக்கி அமுக்கினாள். தளம் அமுங்கவில்லை. கொத்துக்கரண்டியை எடுத்து நடுவில் ஒரு தட்டுத் தட்டினாள். டங் என்றது. தள்ளிப் போய் இன்னொரு தட்டு. அதே டங்.

"என்னங்க! முழிச்சிருச்சுங்க!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். சாமி கும்பிட்டாள், என் கன்னத்தைக் கிள்ளினாள், அழுதாள், எல்லாம் ஒரே நேரத்தில். நான் நீட்டிய டீயை வாங்கி இரண்டு வாய் குடித்தாள்.

"கண்ணுசாமியண்ணன்ட்ட சொல்லிட்டு வந்துர்றேன்."

"போன்ல சொல்லேன்."

"வந்து சொல்லுன்னுதான சொன்னாரு? தளத்துல தண்ணி நிப்பாட்டிருங்க. சென்ட்ரிங்க மட்டும் அவசரப்பட்டுப் பிரிக்க விடாதீங்க, நாள் கூடவே நிக்கட்டும். இந்தா வாரேன்." கடைசி வார்த்தை ஸ்கூட்டிச் சத்தத்தில்தான் கேட்டது.

வெள்ளைச்சாமி முனகிக்கொண்டே பலகையைப் பல நாள் கூடுதலாக விட்டுவைத்தார். பிறகு முட்டுகளைத் தட்டியபோது தளம் மயிரிழைகூட அசையவில்லை. கண்ணுசாமி மாசம் ஒரு லோடு எடுக்கிறார். மாடியில் மேசையும் போட்டாயிற்று. அதில் நான் தைத்த துணிகளை அடுக்கி வைத்திருக்கிறேன், ஏனென்றால் அதன் முன்னால் உட்கார ஆள் இல்லை. கண்ணுசாமியைப் பார்த்து இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள், அவள் முன்னைவிட அதிகமாக ஓடுகிறாள்.

ஆனால் அன்று காலை அதெல்லாம் எனக்குத் தெரியாது. சாக்கை எடுத்துவிட்டுத் தளத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். படியோரத்தில் அவள் பெருவிரல் குழிகள் வரிசையாகக் கல்லாகியிருந்தன. தண்ணீர் முதலில் அங்கேதான் போய் நின்றது. எல்லாவற்றிலும் ஆழமான குழியில் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன், அவள் விரலளவுக் குழி, நுழையவில்லை. மேல்படியில் அவள் வைத்துவிட்டுப் போன பாதி டீ ஆறிக்கொண்டிருந்தது. அதை முருங்கைக்கு ஊற்றவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்து நான் குடித்தேன்.